பல்லக்கு, கஞ்சி, முள்ளிச் செடி: சைவ குரு மரபு குறித்துச் சில குறிப்புகள்

1

குரு என்கிற விஷயத்தை நமது வட்டாரங்களில் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். பேச்சை எடுத்த உடனேயே இரண்டு பதில்கள் தயாராக வந்து நிற்கும். குரு இல்லாமல் பக்தன் ஓரடிகூட நகர முடியாது, வாயை மூடிக்கொண்டு சரணடை என்பது ஒன்று. எல்லாம் ஏமாற்று வேலை, சாமியார்ப் பிழைப்பு என்பது இன்னொன்று. இரண்டு பதில்களிலும் வரலாறு கிடையாது. முதலாவது குருவைக் காலத்துக்கு அப்பால் தூக்கி வைத்துவிடுகிறது. இரண்டாவது, இத்தனை நூற்றாண்டுகளாக மனிதர்கள், அதிலும் கோயிலுக்குள் கால் வைக்க முடியாதிருந்த மனிதர்கள், ஏன் ஒரு குருவைத் தேடி அலைந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

குரு என்பதை ஓர் ஆளாகப் பார்க்காமல் ஓர் உறவாகப் பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து. இன்னாருக்கு இன்னார் குருவாகலாம், இன்னார் காலில் இன்னார் விழலாம், இன்னார் எச்சிலை இன்னார் உண்ணலாம் என்று அந்த உறவு சில விதிகளைச் செய்கிறது. அந்த விதிகள் சாதியின் விதிகளோடு மோதுகிற இடங்கள் உண்டு. மோதிய பிறகு சமரசமாகிப்போன இடங்களும் உண்டு. தமிழ்ச் சைவத்தின் சந்தானாசாரியர் கதைகளை இந்த நோக்கில் வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என நான்கு பேர். 13, 14ஆம் நூற்றாண்டுகள். இவர்களில் சிலரது நூல்கள் நமக்குக் கிடைக்கின்றன. இவர்களைப் பற்றிய கதைகளோ பெரும்பாலும் பின்னால் எழுந்த புராணங்களின் வழியாகவும் வாய்மொழியாகவும் வந்தவை. அப்படியே நடந்ததா என்று கேட்டு இவற்றைத் தள்ளிவிடுவது எளிது. ஒரு மரபு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள விரும்பிய கதை எது, சொல்லும்போது எங்கே தடுமாறியது, எதை வாய்க்குள் முழுங்கியது என்பதே என் அக்கறை.

2

முதலில் தத்துவம். குரு ஏன் தேவை? சைவ சித்தாந்தத்தின்படி உயிரை ஆணவம், கன்மம், மாயை என மூன்று மலங்கள் பிணித்திருக்கின்றன. ஆகமங்களும் அவற்றுக்குப் பத்ததி எழுதியவர்களும் மலத்தை ஒரு பொருளாகவே பார்த்தார்கள். கண்ணில் படலம் விழுந்தவனுக்கு 'உனக்குப் படலம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் பார்வை வந்துவிடாது. வைத்தியன் கருவி எடுத்து நீக்கியாக வேண்டும். அதுபோல மலத்தை நீக்கத் தீட்சை என்ற கிரியை வேண்டும், கிரியையைச் செய்ய ஆசாரியன் வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் சோமசம்பு பத்ததி, 1158இல் அகோரசிவாசாரியார் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை ஆகியவை இந்தக் கிரியைகளை அங்குலம் அங்குலமாக விவரிக்கின்றன. சமயம், விசேடம், நிர்வாணம் எனத் தீட்சைப் படிகள். கண்ணால் பார்த்துத் தருவது, தொட்டுத் தருவது, சொல்லால் தருவது, அக்கினி வளர்த்துத் தருவது என வகைகள். குழந்தைகள், பெண்கள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு நிர்ப்பீசம். அவர்களுக்குப் பின்கடமைகள் இல்லை, கூடவே மற்றவர்க்குத் தீட்சை தரும் உரிமையும் இல்லை. யாருக்கு எது என்பதில் ஆகமம் கறாரானது.

மெய்கண்டார் வழியில் அழுத்தம் கிரியையிலிருந்து ஞானத்துக்கு நகர்கிறது. சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள். உயிர்களை விஞ்ஞானாகலர், பிரளயாகலர், சகலர் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் வகைக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துகிறான். இரண்டாம் வகைக்குத் தன் தெய்வ வடிவில் வந்து உணர்த்துகிறான். நம்மைப் போன்ற சகலருக்கு மனித வடிவில், குருவாக வருகிறான். ஆகவே குரு கடவுளின் தூதர் அல்லர். கடவுளே மனிதத் தோலைப் போர்த்திக்கொண்டு வந்தது. திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் மாணிக்கவாசகருக்கு நடந்ததாகச் சொல்லப்படுவது இதற்கு முன்மாதிரி.

எப்போது வருவார்? சரியை, கிரியை, யோகம் என்று நடந்து, இருவினைகளையும் ஒப்பாகக் கருதும் நிலை வந்து, மலம் பழுத்து, அருள் பதிகிற கட்டத்தில். பக்தனின் வளர்ச்சி என்று சித்தாந்தம் சொல்வது இந்தப் 'பழுத்தல்' தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழுப்பது உயிர். உயிருக்குச் சாதி கிடையாது. பறைச்சேரியில் இருக்கிற உயிர் பழுத்திருக்கலாம், அக்கிரகாரத்தில் இருக்கிற உயிர் பிஞ்சாகக் கிடக்கலாம். பழுத்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் குருவுக்கு மட்டுமே. சாதி ஒழுங்கின் சுவரில் தத்துவமே போட்ட ஓட்டை இது. இந்த ஓட்டை வழியாக யார் யார் நுழைந்தார்கள், எவ்வளவு நேரத்தில் அது அடைக்கப்பட்டது என்பதுதான் மீதிக் கதை.

அதே தத்துவத்தின் உவமைகள் வேறொன்றைச் சொல்கின்றன. குரு வந்து உணர்த்துவதை விளக்க எட்டாம் சூத்திரம் ஐம்புலன்களை வேடர்களாக்குகிறது. சிவஞானசித்தியாரும் உரைகளும் இதை விரிக்கின்றன. ராஜகுமாரன் ஒருவன் வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்து கிடக்கிறான். தகப்பனான அரசன் வந்து, 'நீ வேடன் இல்லையப்பா, என் பிள்ளை' என்று சொல்லி அழைத்துப் போகிறான். அழகான உவமைதான். ஆனால் விடுதலை என்பது 'நான் வேடன் இல்லை' என்று தெரிந்துகொள்வதாக ஆகிவிடுகிறது. நிஜமான வேடன் வீட்டுப் பிள்ளை இந்த உவமையைக் கேட்டால் என்ன செய்வான்? இத்தனைக்கும் பெரியபுராணத்தில் ஆறே நாளில் சிவனிடம் போய்ச் சேர்ந்த கண்ணப்பர் ஒரு வேடர். அவருக்குக் குருவும் இல்லை, தீட்சையும் இல்லை. சேக்கிழாரின் கதையில் வேடர் நேராகப் போகிறார். அடுத்த நூற்றாண்டின் சாத்திரத்தில் வேடர் தப்பிக்க வேண்டிய கூட்டமாகிவிடுகிறார்கள்.

3

முதல் காட்சி திருவெண்ணெய்நல்லூர். மெய்கண்டார் பெண்ணாகடத்து வேளாளர் வீட்டுப் பிள்ளை. தந்தை அச்சுத களப்பாளர். பிள்ளைப் பெயர் சுவேதவனப்பெருமாள். சிறுவயதிலேயே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றுச் சீடர்களுக்குப் பாடம் சொல்கிறார். அவர்கள் குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர். ஆதிசைவர், வயதானவர், ஆகமம் அனைத்தையும் கரைத்துக் குடித்தவர் என்று பெயரிலேயே இருக்கிறது. அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராகச் சிறுவனிடம் போய்விடுகிறார்கள். பண்டிதருக்குக் கோபம். நேரே வந்து, பாடம் நடக்கும்போது, ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்கிறார். சிறுவன் பதில் பேசவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்து, விரலை நீட்டி அவரையே சுட்டிக் காட்டுகிறான். பண்டிதர் காலில் விழுந்தார், அருணந்தி ஆனார், சிவஞானசித்தியார் எழுதினார்.

இந்தக் காட்சியில் எத்தனை கவிழ்ப்புகள் பாருங்கள். பெரியவர் சின்னவர் காலில் விழுகிறார். தீட்சை கொடுக்கும் பரம்பரை உரிமையுள்ள ஆதிசைவர், அந்த உரிமையில்லாத வேளாளர் காலில் விழுகிறார். குலகுரு தன் சிஷ்யக் குடும்பத்துப் பையனுக்குச் சிஷ்யராகிறார். அறிவுக்கு எதிராக நிறுத்தப்படுவது வேறொரு அறிவுகூட இல்லை, வெறும் விரல்.

இதை வேளாளர் எழுச்சியின் கதையாக வாசிப்பது ஒருவகை. அந்த வாசிப்பில் நியாயம் உண்டு. சோழர் ஆட்சி சரிந்துகொண்டிருந்த காலம். நிலவுடைமை வேளாளர்களின் ஆதரவோடு பிராமணரல்லாத மடங்கள் பரவிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட மடங்கள் 'குகை' என்றும் அழைக்கப்பட்டன. மூன்றாம் குலோத்துங்கனின் 22ஆம் ஆட்சியாண்டில் நடந்த 'குகையிடி கலகம்' ஒன்றைத் திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. யார் இடித்தார்கள், ஏன் இடித்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருந்தாலும், மடம் என்பது கலகம் நடக்கிற அளவுக்குச் சூடான இடமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. யார் குரு என்ற கேள்வி தியான மண்டபத்தில் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி அல்ல.

ஆனால் அந்த வாசிப்போடு நின்றுவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அருணந்தியின் இருபா இருபஃது என்ற நூலை எடுத்துப் பாருங்கள். விழுந்து கும்பிட்ட சீடன் எழுந்து நின்று குருவைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். மலம் என்னிடம் எப்படி வந்தது, நீ எனக்குள் இருந்தால் நான் ஏன் அறியாமல் இருந்தேன் என்கிற ரீதியில் போகிறது அந்நூல். பின்னால் உமாபதியும் தன் குருவை முன்னிறுத்தி வினா வெண்பா என்றே ஒரு நூல் செய்தார். பெயரிலேயே வினா. மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் இரண்டு நூல்கள் சீடன் குருவைக் கேட்கும் கேள்விகளாக அமைந்திருக்கின்றன. 'குருவிடம் கேள்வி கேட்காதே' என்று இன்று சொல்கிறவர்கள் தங்கள் சாத்திரத்தையே படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

4

இரண்டாம் காட்சி சிதம்பரம். உமாபதி தில்லைவாழ் அந்தணர்களில் ஒருவர், கோயில் பூசை உரிமை உள்ளவர். பூசை முடித்துப் பல்லக்கில், பட்டப்பகலில் தீவட்டி பிடித்து, வாத்தியங்களோடு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். தெருவில் மறைஞான சம்பந்தர். செத்த மரத்தின் மேல் ஏறிக்கொண்டு, வெளிச்சத்தைக் கூடவே வைத்துக்கொண்டு, கண் தெரியாமல் போகிறான் பார் என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறார். உமாபதி பல்லக்கிலிருந்து குதித்து அவர் பின்னால் ஓடுகிறார்.

குரு திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். நெசவாளர் தெருவில் பாவுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை வாங்கிக் கைகளால் ஏந்திக் குடிக்கிறார். முழங்கை வழியாக ஒழுகுகிற கஞ்சியைச் சீடன் ஏந்திப் பிரசாதம் என்று குடிக்கிறார். தீட்சை முடிந்துவிட்டது. குண்டம் இல்லை, மண்டலம் இல்லை, நாள் நட்சத்திரம் இல்லை.

சாதி ஒழுங்கு உடம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது; அதிலும் வாயில். யார் கையால் சாப்பிடலாம், யார் மீதத்தைச் சாப்பிடக் கூடாது என்பது அதன் அரிச்சுவடி. பல்லக்கு என்பது தரையில் கால் படாத உடம்பு. இந்தக் கதை அந்த உடம்பைத் தரையில் இறக்கி, நெசவுத் தெருவில் நடக்கவிட்டு, நூலுக்குப் போடும் கஞ்சியை எச்சிலோடு குடிக்க வைக்கிறது. உமாபதியின் ஆன்மீக வளர்ச்சியில் குரு செய்த காரியம் என்ன என்று கேட்டால், ஒரு மந்திரத்தைக் காதில் ஓதினார் என்பதைவிட, சாதி அவருடைய உடம்புக்குக் கற்றுக்கொடுத்திருந்த அருவருப்பை நீக்கினார் என்று சொல்வதே பொருந்தும்.

தீட்சிதர்களுக்கு இது நன்றாகவே புரிந்தது. உமாபதியைத் தள்ளி வைத்தார்கள். அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்த் தங்கினார். திருவிழாவுக்குக் கொடி ஏறாமல் நின்றதும், அவரை அழைத்துவந்து கொடிக்கவி பாடச் செய்த பிறகே ஏறியதும் அடுத்த கதை. தள்ளி வைக்கப்பட்டவன் இல்லாமல் கோயிலின் கொடியே ஏறாது என்று மரபு சொல்லிக்கொள்கிறது. அவருடைய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235, அதாவது 1313இல் எழுதப்பட்டது. பதினான்கு சாத்திரங்களில் எட்டு அவருடையவை. அவை அனைத்தையும் தில்லைத் தீட்சிதர் கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்ட ஒரு மனிதரின் நூல்களாகவே மரபு நமக்குத் தருகிறது.

வைணவத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி தாழ்ந்த குலத்தவர். அவர் இறந்தபோது பிராமணரான பெரிய நம்பி இறுதிக் கடன் செய்தார், அதற்காக ஒதுக்கப்பட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அங்கேயும் விஷயம் உடம்பில்தான் வந்து நிற்கிறது; உயிர் போன உடம்பில்.

5

மூன்றாம் காட்சிதான் என்னை நீண்ட நாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது. கொற்றவன்குடி மடத்துக்கு விறகு சுமந்து போடுகிறவர் பெற்றான் சாம்பான். காவிரிப் படுகையில் 'சாம்பான்' என்பது யாருடைய பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடராசரே முதியவர் வடிவில் வந்து அவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து உமாபதியிடம் கொடுக்கச் சொல்கிறார். சீட்டில், இவனுக்குத் தீட்சை கொடுத்து முத்தி கொடு, சாதி வேற்றுமை பார்க்காதே என்று கட்டளை. உமாபதி தீட்சை கொடுக்கிறார். சாம்பான் சோதியில் கரைந்துபோகிறார்.

சாம்பானின் மனைவி அரசனிடம் போகிறாள். 'என் புருஷனை அந்தச் சாமி எரிச்சுப்புட்டார்' என்பது அவள் முறையீடு. அரசன் விசாரிக்க வருகிறான். உமாபதி அங்கே இருந்த ஒரு முள்ளிச் செடிக்குத் தீட்சை கொடுக்கிறார். செடியும் சோதியில் கரைகிறது. அரசனுக்குத் திருப்தி. கதை முடிந்தது.

சைவர்கள் பெருமையோடு சொல்லும் கதை இது. சித்தாந்தம் சாதி பார்க்காது என்பதற்குச் சான்று என்பார்கள். ஒரு வகையில் உண்மைதான். 14ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக, ஒரு தீட்சிதக் குலத்தவர் ஒரு சாம்பானுக்கு மிக உயர்ந்த தீட்சையைக் கொடுத்தார் என்று கதை சொல்லவே ஒரு மரபுக்குத் தைரியம் வேண்டும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆகமங்களில் நிர்வாண தீட்சை இரண்டு வகை. சத்தியோ நிர்வாணம் உடனே வீடு தருவது, உடம்பு நிற்காது. அசத்தியோ நிர்வாணம் பெற்றவர் உடம்பு இருக்கும் வரை இருந்து, பூசை செய்து, பாடம் சொல்லி, பிறகு வீடு அடைவார். நூல் எழுதியவர்களும் மடம் நடத்தியவர்களும் பரம்பரையைத் தொடர்ந்தவர்களும் தீட்சைக்குப் பிறகு வாழ்ந்தவர்கள். அருணந்தி தீட்சை பெற்று வாழ்ந்தார். உமாபதி கஞ்சி குடித்து வாழ்ந்தார். சாம்பான் மட்டும் உடனே கரைந்தாக வேண்டியிருக்கிறது. அவர் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் காலையில் மடத்துக்குள் எங்கே உட்காருவார்? பந்தியில் எந்த இடம்? அவர் யாருக்குத் தீட்சை கொடுப்பார்? அவர் ஏந்திக் குடித்த கஞ்சியின் மீதத்தை யார் குடிப்பார்கள்? கதையால் இந்தக் கேள்விகளைத் தாங்க முடியவில்லை. ஆகவே அவருக்கு முத்தி.

நந்தனாரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் அவர் தில்லைக்குள் வருவதற்குத் தீ மூட்டப்படுகிறது. தீயிலிருந்து எழுந்தவர் முனிவர் கோலத்தில் உள்ளே போகிறார், மறைந்துவிடுகிறார். அவருக்கும் மறுநாள் கிடையாது. ஒரே ஊர், இரண்டு கதைகள், இரண்டிலும் சேரியிலிருந்து வந்த உடம்பு ஒளியாகிக் காணாமல் போகிறது. அயோத்திதாசர் இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தனைப் பௌத்த அரசனாக்கி, சூழ்ச்சியால் கொல்லப்பட்டவனாக எழுதியதை வெறும் கற்பனை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மறைந்துபோன உடம்பு எங்கே என்று கேட்கிற எழுத்து அது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதே கேள்வியைத்தான் சாம்பானின் மனைவியும் கேட்கிறாள். கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. ஆனால் முழுக் கதையிலும் தத்துவத்தின் மொழியைப் பேசாத ஒரே குரல் அவளுடையது. விறகு சுமந்து சம்பாதித்த ஆள் வீட்டுக்கு வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே. அவள் கேட்டது புருஷனை. மரபு பதிலாகக் காட்டியது ஒரு செடியை. அதையும் அவளுக்குக் காட்டவில்லை, அரசனுக்குக் காட்டியது. முள்ளிச் செடிக்குக்கூட முத்தி கொடுக்க முடியும் என்பது குருவின் வல்லமைக்குச் சான்று என்கிறார்கள். சாம்பானின் பக்குவத்தை நிரூபிக்கப் பக்குவம் என்ற பேச்சே பொருந்தாத ஒரு செடியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீட்சை பெற்ற இருவரில் ஒருவர் சாம்பான், மற்றது களை.

அவளுக்கு யார் தீட்சை கொடுப்பது என்ற கேள்வி கதைக்குள் எழவே இல்லை. பெண்களுக்கான நிர்ப்பீச தீட்சைகூட அவள் பக்கம் வரவில்லை.

6

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகளால் திருவாவடுதுறையிலும், குருஞானசம்பந்தரால் தருமபுரத்திலும் ஆதீனங்கள் உருவாயின. இரண்டுமே தங்களை உமாபதி வழியாக மெய்கண்டார் பரம்பரையைச் சேர்ந்தவை என்று சொல்லிக்கொள்கின்றன. கோயில்கள், நிலங்கள், கட்டளைகள் குவிந்தன. தமிழுக்கு இவற்றால் ஆன நன்மையை மறுக்க முடியாது. சிவஞான முனிவர் திருவாவடுதுறைத் தம்பிரான்தான். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டதும் அந்த மடத்தில்தான். அதே சமயம் 1785இல் மறைந்த சிவஞான முனிவரின் மாபாடியம் 20ஆம் நூற்றாண்டு வரை முழுமையாக அச்சேறவில்லை. அறிவும் நிலத்தைப் போலவே மடத்தின் சொத்தாக இருந்தது.

ஆதீனகர்த்தர்களாக வந்தவர்கள் சைவ வேளாளர் முதலிய ஒரு சில சாதியினர். ஆதிசைவரிடமிருந்து பறிக்கப்பட்ட குரு பீடம் அடுத்த படியில் நின்றுவிட்டது. விரல் நீட்டிய சிறுவனின் பரம்பரையில் பிறகு யாரும் கீழேயிருந்து வந்து விரல் நீட்ட வழியில்லாமல் போனது. மடங்களின் வயல்களில் உழைத்த சாம்பான்கள் பண்ணையாட்களாகவே இருந்தார்கள். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்குக் கொஞ்சமாவது ஒரு பிடிமானம் தந்தது. குருவருள் தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தருமபுர ஆதீனம் தொடர்பான ஒரு வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சாஸ்திரப்படி சூத்திரர் சந்நியாசியாக முடியாது, ஆகவே தனித்த வழக்காறு நிரூபிக்கப்பட்டாலொழிய, துறவு பூண்டதால் மட்டும் பிறந்த குடும்பச் சொத்தோடு அவருக்குள்ள தொடர்பு அறுந்துபோகாது என்பது தீர்ப்பின் சாரம். சிவனே குருவாக வந்தான் என்று சொல்லிக்கொண்ட பரம்பரையைப் பார்த்து, காலனிய நீதிமன்றம் தருமசாஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'நீங்கள் சந்நியாசியே இல்லை' என்று சொல்லிவிட்டது. மேலே இருப்பவர்களின் சாதிச் சட்டம் தங்கள் மேல் பாயும்போது ஏற்பட்ட வலி, தங்களுக்குக் கீழே இருந்தவர்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

பல்லக்கு விஷயத்துக்கு வருகிறேன். தருமபுரத்தில் ஆதீனகர்த்தரைப் பல்லக்கில் அமர்த்திச் சுமந்து செல்லும் பட்டினப் பிரவேசத்துக்கு 2022 ஏப்ரலில் மயிலாடுதுறை கோட்டாட்சியர் தடை விதித்தார். பெரிய சர்ச்சை ஆயிற்று. மே மாதம் தடை விலக்கப்பட்டது, நிகழ்ச்சியும் நடந்தது. மனிதனை மனிதன் சுமப்பது இழிவு என்று ஒரு பக்கம். பக்தர்கள் விரும்பித்தானே சுமக்கிறார்கள், இதில் அரசுக்கு என்ன வேலை என்று மறுபக்கம். அரசு தடை போட்டு மத வழக்கத்தை நிறுத்துவது எனக்கும் உவப்பானதல்ல. தடை போட்டவர்களும் எதிர்த்தவர்களும் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்தப் பரம்பரை எந்தக் கதையில் தன் தலைவாசலை வைத்திருக்கிறது? பல்லக்கில் போனவனைக் கேலி செய்து கீழே இறக்கியவர் மறைஞான சம்பந்தர். இறங்கியவர் உமாபதி. அந்த இறக்கம்தான் தீட்சை. அவர்கள் பெயரைச் சொல்லி அமைந்த பீடம் மறுபடி ஏறி உட்கார்ந்திருப்பது பல்லக்கில். பகுத்தறிவு வாதம் எதுவும் வேண்டாம். சந்தானாசாரியர் புராணமே போதும் இதைக் கேட்பதற்கு.

7

சாம்பானுக்கு மறுநாள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அதுவும் அதே சிதம்பரத்தில்.

1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில், தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் முனுசாமி பிறந்தார். ஆன்மீகத் தேட்டத்தில் அலைந்து, சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளைக் குருவாக அடைந்தார். குரு அவருக்குச் சகஜானந்தர் என்று பெயரிட்டார். இந்தக் குரு ஆதீனங்களின் பரம்பரையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது தற்செயலானதல்ல. சகஜானந்தர் சிதம்பரம் வந்தார். நந்தனார் பெயரால் மடம் அமைத்தார். 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். நீண்ட காலம் சட்டசபை உறுப்பினராக இருந்து நிலம், கல்வி, ஆலய நுழைவு பற்றியெல்லாம் பேசினார். 1959இல் மறைந்தார். அந்தப் பள்ளியில் படித்து எழுந்த தலைமுறைகள் அந்த வட்டாரத்தில் இன்றும் கண்ணெதிரே இருக்கின்றன.

அவரைப் பற்றிப் பேசும்போது நம் முகாமில் ஒரு தயக்கம் வரும். காவி கட்டியவர், சைவம் பேசியவர், மதத்தை விட்டு வெளியே வராதவர். ஒரு கூட்டத்தில் இந்தத் தயக்கத்தை நான் சொன்னபோது, கடலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் பட்டென்று சொன்னார்: "எங்க தாத்தாவுக்கு அவரு சாமியாரா வாத்தியாரான்னு யாரும் கேட்டதில்ல தோழர். உள்ள வாடான்னு கூப்பிட்டாரு, அவ்வளவுதான்."

இந்த 'உள்ள வாடா'வில் குருவின் வேலை முழுதும் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். ஒரு மனிதன் தன்னைப் பற்றி உலகம் சொல்லித்தந்த தாழ்வான கதையை நம்பிக்கொண்டிருக்கிறான். அல்லது உமாபதியைப் போல உயர்வான கதையை நம்பிக்கொண்டிருக்கிறான். இரண்டுமே ஆணவத்தின் வேலைதான். அதை வெளியிலிருந்து இன்னொருவர் வந்து உடைக்க வேண்டியிருக்கிறது. தன் கண்ணைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்ற எளிய காரணத்தால். பக்தனுக்குக் குரு தேவை என்று மரபு சொல்வதில் இந்த அளவு உண்மை இருக்கிறது. பக்தர் அல்லாத நமக்கும் இது பொருந்தும். நம் இயக்கங்களில் ஆசான், தோழர், தலைவர் என்று வேறு பெயர்களில் இதே உறவு உலவிக்கொண்டிருக்கிறது, கூடவே பல்லக்கும்.

சகஜானந்தருக்குக் கிடைத்த குரு அவரைச் சோதியில் கரைக்கவில்லை. பெயர் கொடுத்து, இன்னும் பல பேருக்கு ஆசிரியராக வாழ்ந்து தீர்க்கும்படி திருப்பி அனுப்பினார். சீடன் குருவாக முடிகிறதா, அவனுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டா என்பதை வைத்தே ஒரு குரு மரபை நாம் எடை போட வேண்டும். 2006ஆம் ஆண்டின் அரசாணை, 2015இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பு, 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பிற சாதி அர்ச்சகர்களுக்கு அளிக்கப்பட்ட நியமனங்கள் எல்லாவற்றிலும் ஆகமம் யாரை அனுமதிக்கிறது என்ற விவாதமே ஓங்கி ஒலிக்கிறது. அவர்களுக்குக் குரு யார், நாளை அவர்கள் யாருக்குக் குருவாவார்கள் என்ற விவாதம் இன்னும் தொடங்கவில்லை. கருவறைக்குள் போவதைக் காட்டிலும் கடினமான வாசல் அது. ஆதீனங்களின் பீடத்தில் ஒரு சாம்பான் அமர்ந்து, அவர் காலில் மற்றவர்கள் விழுகிற நாளைப் பற்றி எந்தச் சைவ மாநாட்டிலும் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. எழுந்தால், அதற்கான சான்றுகளைத் தேடி அவர்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. திருவெண்ணெய்நல்லூரில் நீண்ட விரலும் நெசவுத் தெருவில் ஒழுகிய கஞ்சியும் அவர்கள் நூல்களிலேயே இருக்கின்றன. கொற்றவன்குடியில் ஒரு பெண் கொடுத்த முறையீடும் இருக்கிறது. அதன் மீது இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.